இலைக்கு ஒரு பங்கு, கனிக்கு ஒரு பங்கு

ஈப்போ நகருக்கு அருகில் உள்ள தம்பூன் வட்டாரத்தில், சாலையோரக் கடைகளில் பம்பளிமாசுப் பழங்கள் வரிசையாகத் தொங்கும். கடைகளுக்குப் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கும். அக்குன்றுகள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அவற்றின் மேல் பெய்யும் மழைநீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு அடிவாரத்து மண்ணில் இறங்குகிறது. எனவே, அங்கு விளையும் பம்பளிமாசில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் நிறைந்திருக்கும் என்று ஒருவர் நினைத்தால் அதில் வியப்பில்லை.

உண்மை அப்படி இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பம்பளிமாசுச் சுளையில் உள்ள கால்சியம் ஏறத்தாழ 4 மில்லிகிராம்தான். அதே சுளையில் பொட்டாசியம் 216 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் வேர் உறிஞ்சிய கால்சியம் எங்கே போயிற்று? பெரும்பகுதி இலையில் இருக்கிறது. எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் நலமான இலையை உலர்த்தி ஆராய்ந்தால், அதன் எடையில் 3 முதல் 5 விழுக்காடு வரை கால்சியம் காணப்படும். சுளையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நீரை நீக்கி உலர்ந்த எடையில் ஒப்பிட்டாலும், இலையில் உள்ள கால்சியம் சுளையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ஒரே மண்ணில் நிற்கும் ஒரே மரத்தின் இரண்டு உறுப்புகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு.

செடியின் உடலில் இரண்டு வகைக் குழாய்த் திசுக்கள் உள்ளன. ஒன்று சைலம். வேர் உறிஞ்சிய நீரையும் அதில் கரைந்த தாதுக்களையும் அது மேலே கொண்டு செல்கிறது. மற்றொன்று புளோயம். இலை தயாரித்த சர்க்கரையைக் கனிக்கும் கிழங்குக்கும் விதைக்கும் இளந்தளிருக்கும் அது எடுத்துச் செல்கிறது. சைலத்தில் நீரை மேலே இழுப்பது இலையின் நீராவிப்போக்கு. வெயிலில் இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் ஏறிக்கொண்டே இருக்கும். நீர் ஆவியாகிப் போய்விடும். அதனுடன் வந்த கால்சியம் போகாது. அது இலையிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் கடல்நீர் வற்றியதும் உப்பு தங்குவதைப் போன்றது இது. அதனால்தான் முதிர்ந்த இலையில் இளம் இலையைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்கிறது.

கனியின் நிலை வேறு. மெழுகு பூசியது போன்ற தோலுடன் இருக்கும் கனியிலிருந்து மிகக் குறைந்த நீரே ஆவியாகிறது. அது பருக்கத் தொடங்கியபின் அதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி புளோயம் வழியாகவே வருகிறது. பொட்டாசியம் புளோயத்தில் எளிதாகப் பயணம் செய்யும். பாஸ்பரசும் மக்னீசியமும் அப்படியே. கால்சியமோ புளோயத்திற்குள் ஏறுவது மிகவும் அரிது. இலைக்குப் போய்ச் சேர்ந்த கால்சியம் திரும்பிக் கனிக்கு வராது. கனியிலும்கூடத் தோலுக்கும் சதைக்கும் ஒரே அளவு கிடைப்பதில்லை. ஆரஞ்சுத் தோலில் 100 கிராமுக்கு 161 மில்லிகிராம் கால்சியம் உள்ளது; சுளையில் 40 மில்லிகிராம்தான். நாம் உரித்து எறிவதில்தான் அது கூடுதலாக இருக்கிறது!

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு முருங்கை. லயத்து வீடுகளின் பின்புறத்தில் முருங்கை மரம் இல்லாத தோட்டத்தைக் காண்பது கடினம். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிய பிறகும், அங்கிருந்து பெயர்ந்தவர்கள் புதிய வீட்டு வேலியோரத்தில் ஒரு முருங்கைப் போத்தை நட்டுவைத்தார்கள். காயைச் சாம்பாருக்கும் கீரையைப் பொரியலுக்கும் பயன்படுத்துகிறோம். இரண்டும் ஒரே கிளையில் இருந்து வருபவை. ஆயினும், முன்னர்ச் சொன்ன அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக் கீரையில் கால்சியம் 185 மில்லிகிராம், இரும்பு 4 மில்லிகிராம். காயில் கால்சியம் 30 மில்லிகிராம், இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. பொட்டாசியத்தில் மட்டும் காய் முந்துகிறது: கீரையில் 337, காயில் 461 மில்லிகிராம். சைலத்தை நம்பி வாழும் உறுப்பு எது, புளோயத்தை நம்பி வாழும் உறுப்பு எது என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கீரையில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. ஸ்பினாச் என்னும் கீரையில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் உடலுக்குக் கிடைக்கிறது. பாலில் இருந்து ஏறத்தாழ 30 விழுக்காடு கிடைக்கும். ஆக்சாலிக் அமிலம் குறைந்த கடுகுக் குடும்பத்துக் கீரைகள், எடுத்துக்காட்டாகப் பாக் சோய், இவ்வகையில் பாலையும் மிஞ்சுகின்றன. அட்டவணையில் பெரிய எண்ணைக் கண்டதும் மகிழ்ந்துவிடுவது அறிவியல் ஆகாது.

தாதுக்கள் சரியாகப் பங்கிடப்படாதபோது பயிரே அதை நமக்குக் காட்டிவிடுகிறது. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைத் தோட்டம் போடுபவர்கள் பார்த்திருப்பார்கள். சிலர் அதைப் பூச்சி நோய் என்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள். அது நோய்க்கிருமியால் தொடங்குவது அன்று. காயின் நுனிக்குக் கால்சியம் வந்து சேராததால் அங்குள்ள உயிரணுக்கள் சிதைகின்றன. வியப்பு என்னவென்றால், அதே செடியின் இலைகளில் கால்சியம் போதுமான அளவில் இருக்கலாம். நீர் ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் குறைவாகவும் கிடைத்தால் இந்தக் குறை அதிகமாகும். ஒழுங்காக நீர் பாய்ச்சுவதே பல நேரங்களில் மருந்தைவிடப் பயன் தரும். முட்டைக்கோசின் உள்ளிலைகளின் ஓரம் கருகுவதும் இதே காரணத்தால்தான். மூடிக்கிடக்கும் உள்ளிலையில் நீராவிப்போக்கு இல்லை. எனவே, அங்குக் கால்சியம் போவதில்லை. வெளிப்புறத்துப் பச்சை இலைகளில்தான் கால்சியம் நிறைய உண்டு. சமையலறையில் முதலில் குப்பைக்குப் போவதும் அவையே.

பப்பாளிக்கு வேறு சிக்கல். மணற்பாங்கான நிலத்தில் பெய்யும் கனமழை, போரான் என்னும் தாதுவைக் கழுவிக்கொண்டு போய்விடும். போரானும் பப்பாளியில் இலையை விட்டு எளிதில் நகராது. அதனால், பற்றாக்குறை ஏற்பட்டால் முதலில் வாடுவது வளரும் தளிரும் காயும்தான். காய் மேடும் பள்ளமுமாக உருக்குலைந்து, தோலில் பால் கசியத் தொடங்கும். மரத்தின் பழைய இலைகளில் போரான் இருந்தும் காய்க்கு உதவாது.

விதை மற்ற உறுப்புகளிலிருந்து மாறுபட்டது. அடுத்த தலைமுறைக்கான சேமிப்பு அது. முளைக்கும் செடிக்குச் சொந்த வேர் ஊன்றும்வரை உணவு வேண்டும் அல்லவா? அதற்காகத் தாய்ச்செடி பாஸ்பரசையும் மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் விதையில் நிரப்பி வைக்கிறது. பறங்கிக்காயின் சதையில் 100 கிராமுக்கு 12 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. உலர்ந்த பறங்கி விதைப் பருப்பில் 592 மில்லிகிராம் இருக்கிறது. சதையில் நீர் மிகுதி என்பதைக் கழித்துப் பார்த்தாலும் விதையே முன்னிற்கிறது.

மெங்லெம்பு என்றதும் நினைவுக்கு வரும் நிலக்கடலை இன்னும் விந்தையானது. அதன் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்றபின் ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து உள்ளே செல்ல, அங்கேதான் காய் உருவாகிறது. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாக வழியில்லை. ஆகவே, வேர் எடுத்த கால்சியம் இலைக்குப் போகுமே தவிரக் காய்க்கு வராது. நிலக்கடலைக் காய் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஓட்டின் வழியாகத் தானே நேரடியாகக் கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மேல்மண்ணில் கால்சியம் குறைந்தால் ஓடு மட்டும் வளர்ந்து உள்ளே பருப்பின்றி வெறுமையாக இருக்கும். அதனால்தான் கடலை பயிரிடுவோர் பூக்கும் பருவத்தில் செடியின் அடியில் ஜிப்சம் தூவுகிறார்கள். புந்தோங்கில் வறுபடும் கச்சாங் பூத்தேயைக் கொறிப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மண்ணுக்குள் விளைந்தாலும், மரவள்ளிக் கிழங்கைப் பருக்கச் செய்வது மேலிருந்து புளோயம் வழியாக வரும் சர்க்கரையே. ஆகவே, கிழங்கில் மாவும் பொட்டாசியமும் உண்டு. இரும்பு மிகக் குறைவு. 100 கிராமில் ஏறத்தாழ கால் மில்லிகிராம்தான். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனபோது, மலாயாவின் தோட்டப்புற மக்கள் பெரும்பாலும் இந்தக் கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள். வயிறு நிரம்பியது. ஆனால், கடும் உழைப்புக்கும் தாய்மைக்கும் வேண்டிய இரும்பும் புரதமும் கிழங்கிலிருந்து கிடைக்க வழியில்லை. வேலியோரத்துக் கீரைகளைச் சேர்த்துச் சமைத்தவர்கள், காரணம் அறிந்தோ அறியாமலோ, அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தார்கள்.

இதுவரை சொன்னவை உடலுக்கு வேண்டிய தாதுக்கள். வேண்டாதவையும் மண்ணில் உண்டு. பேராக் மாநிலத்தில் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

கிந்தா பள்ளத்தாக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக ஈயச் சுரங்கத் தொழிலால் வாழ்ந்தது. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும், ஈயம் தோண்டிய மிதவைக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கியது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்ததும் எஞ்சிய சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் ஒரு லட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலம் மணல்மேடாகவும் சேற்றுப் படிவாகவும் ஈயக்குட்டையாகவும் மிஞ்சியது. அதில் பெரும் பங்கு பேராக்கில் உள்ளது. சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு குறிப்பு: மலேசியத் தமிழர்கள் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. நஞ்சாகிய காரீயம் வேறு உலோகம். பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கைவிடப்பட்ட அந்நிலங்கள் வெறுமனே கிடக்கவில்லை. பீடோரின் விதையில்லாக் கொய்யா முதல் அன்றாடக் கீரைகள் வரை பலவும் அங்கு விளைகின்றன. மணலில் சத்தும் இல்லை, நீரும் நிற்பதில்லை. கோழி எருவையும் மக்கிய உரத்தையும் கொட்டிக் கொட்டி அதை விளைநிலமாக்கியது சிறு விவசாயிகளின் உழைப்பு. ஆனால், ஈயத் தாது கிடைத்த இடங்கள் சிலவற்றில் ஆர்செனிக் கொண்ட தாதுக்களும் சேர்ந்தே இருந்தன. காரீயமும் காட்மியமும் சிறிதளவு இருக்கக்கூடும். இவை மணலைவிட நுண்ணிய சேற்றுப் படிவில்தான் கூடுதலாகத் தங்கும். அந்நிலத்தில் விளைந்ததை உண்ணலாமா என்ற கேள்வி எழுந்தது அதனால்தான். பீடோரில் விளைந்த மா, கொய்யா, பப்பாளி ஆகியவற்றை ஆய்வாளர்கள் சோதித்தபோது, மண்ணை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளவில்லை. பழத்தையும் தனியே எடுத்து அளந்தார்கள். மண்ணில் இருப்பது வேறு, உண்ணும் பகுதிக்கு வந்து சேர்வது வேறு என்பதே அதற்குக் காரணம்.

காரீயம் வேரைத் தாண்டி மேலே ஏறுவது குறைவு. வேரின் உயிரணுச் சுவர்களில் அது ஒட்டிக்கொள்கிறது. வேரின் உட்புறத்தில் மெழுகு போன்ற ஒரு தடுப்பு வளையமும் அதைத் தடுக்கிறது. இலையில் காணப்படும் காரீயத்தின் பெரும்பகுதி, காற்றில் வந்த தூசியாலும் மழையில் தெறித்த மண்ணாலும் படிந்ததே. ஆகவே, கீரையை நன்கு அலசுவதாலும் கிழங்கின் தோலைச் சீவுவதாலும் அதைக் குறைக்க முடியும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அதற்கு இன்னும் கண்டறியப்படவில்லை. எனவே, அலசுவது சிறிய வேலையாகத் தோன்றினாலும் தவிர்க்கக் கூடாதது.

காட்மியம் வேறு இயல்புடையது. வேதியியலில் அது துத்தநாகத்தை ஒத்திருப்பதால், செடி துத்தநாகத்திற்காகத் திறந்து வைத்த வாயில்களின் வழியே உள்ளே புகுந்துவிடுகிறது. பின்னர் இலைவரை ஏறுகிறது. திசுவிற்குள் இருப்பதால் அலசினால் போகாது. மனித உடலில் அது சிறுநீரகத்தில் தங்கிப் பல ஆண்டுகள் நீங்காமல் இருக்கும். கனிக்குள் செல்லும் அளவு பொதுவாகக் குறைவு. உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, ஒரு கிலோகிராம் இலைக்காய்கறியில் 0.2 மில்லிகிராம் வரையிலும், கிழங்கில் 0.1 மில்லிகிராம் வரையிலும், கத்தரி, வெண்டை போன்ற காய்களில் 0.05 மில்லிகிராம் வரையிலும் காட்மியத்தை அனுமதிக்கிறது. கீரையில் இருந்தால் தீங்கு குறைவு என்பது இதன் பொருள் அன்று. நல்ல மண்ணில் வளர்ந்தாலும் கீரை இயல்பாகவே கூடுதலாகச் சேர்க்கும் என்பதால் வரம்பும் அதற்கேற்ப வகுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் உணவில் உள்ள உலோகங்களுக்கு வரம்பு விதித்திருக்கின்றன.

ஆர்செனிக் பாஸ்பேட்டைப் போல் நடித்து வேருக்குள் நுழைகிறது. பெரும்பாலான காய்கறிச் செடிகள் அதை வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதற்கு நேர்மாறான ஒரு செடியும் உண்டு. சுண்ணாம்புப் பாறைகளிலும் பழைய மதில்களிலும் வளரும் ஒருவகைப் பெரணி, மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சித் தன் இலைகளில் குவித்து வைப்பதை ஃபுளோரிடா ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டார்கள். நாம் சமைத்து உண்ணும் பாக்குக் கீரை அதுவன்று. வேறு பெரணி வகை. அந்தச் சுவர்ப் பெரணியை வளர்த்து, அறுத்து அப்புறப்படுத்தி, மண்ணைத் தூய்மைப்படுத்தும் முயற்சிகள் அதன்பின் பல நாடுகளில் நடந்தன.

ஐயமுள்ள நிலத்தில் கீரைக்குப் பதிலாகப் பழமரமோ காய்ப்பயிரோ நடுவது அறிவுடைய தேர்வு என்பது இவற்றால் விளங்கும். எனினும், கனி என்றாலே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. கொக்கோ மரத்தின் விதையில் காட்மியம் சேர்வதால், ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் சாக்லேட்டுக்கும் வரம்பு விதித்துள்ளது. பயிரைத் தேர்வதோடு மண்ணையும் மாற்ற வேண்டும். மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைத்தால் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மக்கிய உரமும் பல உலோகங்களைப் பிடித்து வைக்கும். தம்பூன் குன்றுகளை ஒத்த பாறைகளை உடைத்து அரைத்த சுண்ணாம்புத் தூள்தான் ஈயநிலத் தோட்டங்களுக்கும் பயன்படுகிறது. அது பழத்தின் சுளைக்குள் அதிகம் செல்லாவிட்டாலும், கீரைக்குள் காட்மியம் செல்வதைக் குறைக்கிறது. உரத்தையும் கவனிக்க வேண்டும். சில பாஸ்பேட் உரங்களில் காட்மியமும், கோழி எருவில் செம்பும் துத்தநாகமும் இருப்பதுண்டு. சுரங்கமே இல்லாத நிலத்திலும் ஆண்டுக்கணக்கில் அவை சேரலாம்.

திசுவைச் சோதித்து முடிவெடுக்கும் வழக்கம் பேராக்கின் தோட்டங்களுக்குப் புதிதன்று. 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம், ரப்பர் மரத்தின் இலையை ஆராய்ந்து எவ்வளவு உரம் இடலாம் என்று தோட்டங்களுக்கு ஆலோசனை வழங்கி வந்தது. எந்த இலையையும் பறித்துவிட முடியாது. குறிப்பிட்ட வயதும் இடமும் உடைய இலையாக இருக்க வேண்டும். வயது மாறினால் அதிலுள்ள தாதுக்களின் அளவும் மாறிவிடும். உணவுப் பயிருக்கு இந்த வழக்கத்தில் ஒரு மாற்றம் தேவை. ஆய்வகத்திற்கு அனுப்பும் பையில் மண்ணும் இலையும் மட்டும் இருந்தால் போதாது. கொய்யா என்றால் தோலோடு கூடிய பழம், மரவள்ளி என்றால் தோல் சீவிய கிழங்கு, கீரை என்றால் அலசிய தண்டும் இலையும் என, சமையலறையில் தட்டுக்கு வரும் அதே பகுதி தனியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.